முள்ளெலிக்கு முதலில் வழி, பிறகுதான் வீடு

பிரிட்டனில் இலையுதிர் காலம் தொடங்கியதும் தோட்டக் கடைகளில் முள்ளெலி வீடுகளை அடுக்கிவிடுவார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். அதில் ஒன்றை வாங்கிவந்து, நாலாபுறமும் ஆறடிப் பலகை வேலி அடைத்த தோட்டத்தில் வைத்துவிட்டு, "மாசக்கணக்கா ஒண்ணும் வரலையே" என்று கேட்பவர்கள் நிறையப் பேர். உள்ளே நுழையவே வழியில்லாத இடத்தில் வீடு இருந்து என்ன பயன்?

முள்ளெலி ஒரே இரவில் ஒன்றிரண்டு கிலோமீட்டர் நடக்கும். வண்டு, புழு, மண்புழு, மரவட்டை என்று கிடைத்ததைத் தின்றுகொண்டே தோட்டம் தோட்டமாகப் போகும். எவ்வளவு பசுமையாக இருந்தாலும் ஒரு வீட்டுத் தோட்டம் அதற்குப் போதவே போதாது. ஆகவே வரிசை இதுதான்: முதலில் வேலியில் துளை, அடுத்து ஆபத்துகளை அகற்றுவது, அதன்பின் தண்ணீரும் தீனியும், கடைசியில் வீடு. கடையில் வாங்கக்கூடியது என்பதால் பலரும் கடைசியிலிருந்து தொடங்குகிறார்கள்.

பெயர் பற்றி ஒரு வார்த்தை. லண்டன் தமிழர்களில் பலர் இதை முள்ளம்பன்றி என்கிறார்கள். முள்ளம்பன்றி வேறு, அது நீண்ட முள் கொண்ட, கொறிக்கும் இனம். முள்ளெலிக்கு மூஞ்சூறுதான் நெருங்கிய உறவு. தமிழ்நாட்டின் தென்மாவட்ட வறண்ட நிலங்களிலும் ஒரு முள்ளெலி உண்டு. ஆனால் கீழே வரும் அளவும் காலக்கணக்கும் பிரிட்டிஷ் தோட்டத்து முள்ளெலிக்கு மட்டுமே.

2020இல் வெளியான பிரிட்டிஷ் பாலூட்டிகளின் சிவப்புப் பட்டியல் இதை அழிவாபத்துக்கு உள்ளாகக்கூடிய இனமாக வகைப்படுத்தியது. கிராமப்புறங்களில் எண்ணிக்கை தொடர்ந்து சரிகிறது. நகர்ப்புறத்தில் சரிவு ஓரளவு நின்றிருப்பதாக, பிரிட்டிஷ் முள்ளெலிகளின் நிலை பற்றிய 2022ஆம் ஆண்டு அறிக்கை சொன்னது. அதாவது லண்டனின் ஹாரோவிலோ ஈஸ்ட்ஹாமிலோ இருக்கும் சின்னப் பின்தோட்டத்துக்கும் இதில் பங்கு உண்டு.

வேலியில் 13 செ.மீ.

துளையின் அளவு 13 செ.மீ. அகலம், 13 செ.மீ. உயரம். நன்றாகக் கொழுத்த முள்ளெலியும் இதில் புகுந்துவிடும். பெரும்பாலான நாய்கள் புகா. பூனைகளும் ஒல்லியான குட்டை நாய்களும் நுழையக்கூடும், அதையும் மனத்தில் வையுங்கள்.

ரம்பத்தை எடுக்கும் முன் வேலி யாருடையது என்று பாருங்கள். "வீட்டைப் பார்த்து நின்றால் இடதுபக்க வேலி நமது" என்று சொல்லிக்கொள்வதெல்லாம் சட்டம் கிடையாது. வீட்டுப் பத்திரத்தில் குறித்திருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. எப்படியானாலும் பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டே ஆகவேண்டும். அவர் ஒத்துக்கொண்டு தன் மறுபக்க வேலியிலும் ஒரு துளை போட்டால்தான் அது வழியாகும். உங்கள் ஒரு துளை மட்டும் இருந்தால் அது முட்டுச்சந்து.

மரப்பலகை வேலி என்றால் அரைமணி நேர வேலை. மண்ணை ஒட்டி, சட்டங்களுக்கு நடுவே பென்சிலால் குறித்து ஜிக்சாவால் வெட்டுங்கள். வெட்டிய விளிம்பை உப்புத்தாளால் தேயுங்கள். கம்பிவலை வேலி என்றால் நான்கு பக்கமும் வெட்டி எடுத்து, கம்பி முனைகளை வெளிப்புறமாக மடித்து அமுக்குங்கள். நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு முனை கண்ணைக் கிழித்துவிடும்.

தொல்லை தருவது வேலியின் அடியில் கிடக்கும் கான்கிரீட் பலகை, அதுதான் கிராவல் போர்டு. உள்ளே இரும்புக்கம்பி ஓடும். ஆங்கிள் கிரைண்டரில் வைரத்தகடு போட்டு வெட்டலாம்தான், ஆனால் தூசியும் சத்தமும் தாங்காது. பலகை விரிசல் விடவும் செய்யும். முள்ளெலித் துளையோடு வார்த்த கிராவல் போர்டு கடைகளில் கிடைக்கிறது. கான்கிரீட் தூணின் பள்ளத்திலிருந்து மேற்பலகையைத் தூக்கி எடுத்துவிட்டு, பழையதை உருவிப் புதியதைச் செருகிவிடலாம். இரண்டு ஆள் வேண்டும். செலவைத் தவிர்க்க நினைத்தால் பலகைக்கு அடியில் மண்ணைத் தோண்டி வழி விடலாம். ஆனால் மழையில் மண் சரிந்து மூடிக்கொள்ளும், மாதம் ஒருமுறை கிளறவேண்டியிருக்கும். பக்கத்துத் தோட்டத்தின் மண்ணைத் தாங்கிநிற்கும் பலகையாக இருந்தால் அந்த வேலையே வேண்டாம்.

செங்கல் சுவரில் ஒரு கல்லை மட்டும் எடுத்தால் போதாது. செங்கல்லின் உயரம் ஆறரை செ.மீ.தான். அடுத்தடுத்த இரண்டு வரிசையில் எடுத்தால் நடுவில் இருக்கும் சாந்தோடு சேர்த்து 14 செ.மீ. வரும்.

எங்கே வெட்டுவது என்பதிலும் கொஞ்சம் யோசனை வேண்டும். திறந்த புல்வெளிக்கு நடுவே நடப்பதைவிட வேலியோரமாக, செடி மறைவில் நடப்பதே இதன் வழக்கம். எனவே மூலையில், புதர் அடியில் துளை இருக்கட்டும். முன்பக்கச் சாலைக்கு நேரே திறக்கும் துளை வேண்டவே வேண்டாம். இரண்டு தோட்டத்துக்கும் மட்டம் வேறானால் தாழ்ந்த பக்கம் இரண்டு மூன்று செங்கல்லைப் படிபோல வைத்துவிடுங்கள்.

2011இல் தொடங்கிய 'ஹெட்ஜ்ஹாக் ஸ்ட்ரீட்' இயக்கம் இந்தத் துளைகளைத்தான் தெருத்தெருவாக இணைக்கப் பார்க்கிறது. துளையையும், முள்ளெலியைக் கண்ட இடத்தையும் அவர்களுடைய இணைய வரைபடத்தில் பதியலாம்.

ஏற்கெனவே வருகிறதா?

பல வீடுகளில் வந்துகொண்டேதான் இருக்கும், வீட்டுக்காரர் தூங்கிவிடுவார். காலையில் புல்லில் தேடுங்கள். கறுத்து மினுமினுக்கும் எச்சம், விரல் பருமன், இரண்டு முதல் ஐந்து செ.மீ. நீளம். குச்சியால் உடைத்துப் பார்த்தால் வண்டுச் சிறகின் ஓட்டுத்துண்டுகள் மின்னும்.

சந்தேகமாக இருந்தால் காலடித் தடம் எடுக்கலாம். வீடு விற்பனைக்கு வைக்கும் 'ஃபார் சேல்' பலகைக்குப் பயன்படுத்தும் நெளிபிளாஸ்டிக் தகடு ஒன்றை முக்கோணக் குழாயாக மடியுங்கள். நீளம் 120 செ.மீ. உள்ளே செருக அதே நீளத்தில் ஒரு தட்டையான தகடு. அந்தத் தகட்டின் நடுவில் ஒரு பிடி பூனை பிஸ்கட். அதன் இருபுறமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன்மேல் கரித்தூளைச் சமையல் எண்ணெயில் குழைத்துத் தடவுங்கள். இரண்டு கடைசியிலும் வெள்ளை ஏ4 தாள். வேலியை ஒட்டி வைத்துத் தொடர்ந்து ஐந்து இரவு பாருங்கள். கடையில் விற்கும் மை வேண்டாம். காலை நக்கும்போது வயிற்றுக்குள் போகும், அதனால்தான் கரியும் எண்ணெயும். முன்கால் தடம் விரல் விரித்த குழந்தைக் கைபோல அகலமாகப் பதியும். பூனைத் தடம் வட்டமாக, நகம் தெரியாமல் இருக்கும். எலித் தடம் இதைவிட மிகச் சிறியது.

தோட்டத்தில் எது கொல்கிறது

குளம் முதலாவது. முள்ளெலிக்கு நன்றாக நீந்தத் தெரியும், ஆனால் பிளாஸ்டிக் சரிவில் கால் வைத்து ஏற முடியாமல் சுற்றிச்சுற்றி நீந்திக் களைத்து மூழ்கிவிடும். ஒரு பக்கம் கல் அடுக்கிச் சரிவாக்குங்கள், அல்லது கோழிவலை சுற்றிய ஒரு பலகையைத் தண்ணீருக்குள்ளிருந்து கரைவரை சாய்த்துவையுங்கள். மூடியில்லாத வடிகால் குழிக்கும் இதே கதிதான். சாலைகளில் மாடு தாண்டாமல் இருக்கப் பதிக்கும் இரும்புச் சட்டக் குழிகளும் அப்படித்தான். 1982இல் ஷ்ராப்ஷயரில் அப்படி ஒரு குழிக்குள் முள்ளெலி சிக்கிக் கிடந்ததைப் பார்த்துத்தான் மேஜர் ஏட்ரியன் கோல்ஸ் பிரிட்டிஷ் முள்ளெலிப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார்.

வலை அடுத்தது. பழத்துக்குப் போட்ட வலை, பிள்ளைகளின் கால்பந்து வலை எதுவானாலும் மண்ணிலிருந்து ஓரடி உயரத்தில் கட்டுங்கள். விளையாடி முடித்ததும் கால்பந்து வலையைச் சுருட்டி வையுங்கள். முள்ளெலி மாட்டிக்கொண்டால் பின்னால் போகாது, முன்னே தள்ளித்தள்ளி இறுக்கிக்கொள்ளும். மாட்டியதை அறுத்து விடுவித்த உடனே ஓடவிடக் கூடாது. வலை இறுக்கிய இடத்தில் இரத்த ஓட்டம் தடைப்பட்டிருந்தால் சதை ஓரிரு நாளுக்குப் பிறகே அழுகத் தொடங்கும். காயம்பட்ட முள்ளெலிகளைப் பராமரிக்கும் மீட்பாளரிடம்தான் சேர்க்கவேண்டும்.

நைலான் கயிற்றைச் சுழற்றிப் புல்வெட்டும் ஸ்ட்ரிம்மர் போடும் வெட்டுகள் கொடூரம். ஆபத்து வந்தால் ஓடாமல் சுருண்டுகொள்வது முள்ளெலியின் குணம். நரியிடமிருந்து தப்ப உதவும், நைலான் கயிற்றிடமிருந்து அல்ல. நெடும்புல்லை வெட்டும் முன் குச்சியால் விலக்கிப் பாருங்கள், முதல் வெட்டை முழங்கால் உயரத்தில் வெட்டுங்கள். தானாக ஓடும் ரோபோ புல்வெட்டி இருந்தால் அதைப் பகலில் மட்டும் ஓட விடுங்கள். 2021இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், சோதித்த எந்த இயந்திரமும் முள்ளெலியைத் தொடாமல் தூரத்திலேயே கண்டு நிற்கவில்லை. சில தொட்டுவிட்டுத் திரும்பின, சில வெட்டின.

நத்தை மருந்தில் மெட்டால்டிஹைடு உள்ளதை 2022 வசந்தத்திலிருந்து பிரிட்டனில் வெளியில் பயன்படுத்தத் தடை. ஆனால் ஷெட்டுக்குள் பழைய டப்பா கிடக்கக்கூடும். குப்பைத்தொட்டியில் போடாமல் கவுன்சிலின் நச்சுக்கழிவு மையத்தில் கொடுங்கள். இப்போது விற்கும் ஃபெரிக் பாஸ்ஃபேட் குருணை பரவாயில்லை என்பார்கள். ஆனால் முள்ளெலியை வரவேற்றுக்கொண்டே அதன் இரையைக் கொல்வதில் என்ன அர்த்தம்? எலிமருந்தும் அப்படியே. மருந்துப் பெட்டிக்குள் முள்ளெலியும் நுழையும், மருந்து தின்ற பூச்சிகளையும் தின்னும்.

செயற்கைப் புல்லைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அதனடியில் வண்டும் இல்லை, மண்புழுவும் இல்லை. முள்ளெலிக்கு அது கார்ப்பெட் விரித்த பாலைவனம்.

தீபாவளியும் நவம்பர் 5ஆம் தேதி நெருப்புத் திருவிழாவும் ஏறக்குறைய ஒரே பருவத்தில் வருகின்றன, முள்ளெலி குளிர்கால உறக்கத்துக்கு இடம் தேடும் அதே வாரங்களில். கூட்டிவைத்த விறகும் சருகும் அதன் கண்ணுக்கு ஆயத்தமான படுக்கை. முந்தைய நாளே குவித்துவிட்டு மறுநாள் மாலை கொளுத்துவதுதான் பெரிய தப்பு. கொளுத்தும் நாளன்று குவியலைப் பிரித்து வேறு இடத்தில் அடுக்கிக் கொளுத்துங்கள். அதற்கு நேரமில்லையென்றால் ஒரே பக்கத்தில் மட்டும் பற்றவையுங்கள். மறுபக்கம் தப்ப வழி இருக்கும்.

தண்ணீரும் தீனியும்

ஒரே ஒரு பொருள்தான் வைக்க முடியும் என்றால் தண்ணீர் வையுங்கள். பூந்தொட்டியின் அடித்தட்டு போதும், ஆழம் மூன்று நான்கு செ.மீ. வருடம் முழுக்க, கோடையில் தவறாமல்.

பால் கூடாது. நம்மவர்கள் எந்த உயிரைப் பார்த்தாலும் முதலில் பால்தான் ஊற்றுவார்கள். முள்ளெலிக்குப் பால் செரிக்காது, கழிச்சல் கண்டு உடம்பு வற்றிப்போகும். ரொட்டியில் சத்தில்லை. பறவைக்கடையில் விற்கும் உலர்ந்த மாவுப்புழு, சூரியகாந்திப் பருப்பு, நிலக்கடலை மூன்றும் வேண்டாம். இவற்றில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் குறைவு. உடம்பு ஈடுகட்ட எலும்பிலிருந்து கால்சியத்தை இழுக்கும், கடைசியில் கால் வளைந்து நடக்க முடியாமல் போகும். விருப்பமாகத் தின்கிறதே என்று வைப்பவர்கள் பலர். விருப்பமாகத் தின்பதுதான் சிக்கலே.

கொடுக்கவேண்டியது பூனைக்குட்டி பிஸ்கட், அல்லது இறைச்சி சேர்ந்த நாய், பூனைத் தீனி. ஒரு கைப்பிடி, இருட்டும் வேளையில். கோடையில் ஈரத்தீனியில் ஈ மொய்க்கும், அப்போது உலர்தீனி மேல். மிச்சத்தைக் காலையில் எடுத்துவிட்டு, கையுறை போட்டு வெளிக்குழாயில் தட்டைக் கழுவுங்கள். முள்ளெலி சால்மொனெல்லா சுமக்கும், படர்தாமரையும் ஒட்டும். தினமும் மூன்று நான்கு வந்தால் ஒரே தட்டில் கூட்டம் சேராமல் இரண்டு மூன்று இடத்தில் பிரித்துவையுங்கள்.

வெறும் தட்டில் வைத்தால் பூனையும் நரியும் முந்திக்கொள்ளும். அதற்கு 60 செ.மீ. நீளமுள்ள மூடிபோட்ட பிளாஸ்டிக் பெட்டி ஒன்று போதும். குறுகிய பக்கத்தின் ஒரு மூலையில் 13 செ.மீ. துளை வெட்டி விளிம்பில் தடித்த டேப் ஒட்டுங்கள். தீனியை எதிர்க்கோடியில் வையுங்கள். துளை ஒரு சுவரைப் பார்க்கும்படி, சுவருக்கும் பெட்டிக்கும் 13 செ.மீ. இடைவெளி விட்டு வையுங்கள். முள்ளெலி சுவரோரமாக வந்து வளைந்து நுழையும். பூனை அந்த வளைவில் மடங்கச் சிரமப்படும். மூடியின்மேல் இரண்டு செங்கல். பாரம் வைக்காவிட்டால் நரி முதல் இரவே கவிழ்த்துவிடும்.

வீடு

12 மி.மீ. வெளிப்புறப் பிளைவுட், மருந்து ஏற்றாதது. அடித்தட்டு 60×40 செ.மீ. நீளப் பக்கம் இரண்டு, 60×30. முன், பின், நடுத்தடுப்பு மூன்றும் ஒரே அளவு, 37.6×30. கூரை 66×46, சுற்றிலும் மூன்று செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கும். பக்கங்கள் அடித்தட்டின்மேல் நிற்கவேண்டும்.

நடுத்தடுப்புதான் இதில் முக்கியம். முன்பலகையிலிருந்து 15 செ.மீ. உள்ளே தள்ளி நிறுத்துங்கள். முன்பலகையில் இடது மூலையில் துளை, தடுப்பில் வலது மூலையில் துளை. முள்ளெலி நுழைந்து, இடையிலுள்ள நடைவழியில் வலப்பக்கம் போய், மறுபடி திரும்பி அறைக்குள் போகும். கையை நேரே விட்டால் அறை எட்டாது, நாயின் மூக்கும் எட்டாது. கடைகளில் விற்கும் அழகு வீடுகளில் பலவற்றுக்கு இந்த நடைவழி இல்லை. துளையில் பார்த்தால் படுக்கை தெரியும். தடுப்புத் துளையின் கீழே இரண்டு செ.மீ. படிவிட்டு வெட்டினால் படுக்கைச் சருகு வெளியே சரியாது.

அடியில் இரண்டு சட்டம் அடித்து மண்ணிலிருந்து தூக்குங்கள். பின்பலகையின் மேல்பக்கம் இரண்டு செ.மீ. காற்றுத்துளை இரண்டு, வெளியே சல்லடைவலை. காற்றோட்டம் இல்லாவிட்டால் மூச்சின் ஈரம் கூரையில் படிந்து சொட்டும், சருகு பூஞ்சணம் பிடிக்கும். பிளாஸ்டிக் பெட்டியைத் தூங்கும் வீடாக்காததற்கும் இதுவே காரணம். ஆணி வேண்டாம், திருகாணி. உள்ளே பெயின்ட் கூடாது. கூரைக்கு ரூஃபிங் ஃபெல்ட், அதாவது நீர் புகாத தார்விரிப்பு.

நிழலான வேலியோரம், வாய் வடக்குப் பார்க்காமல் வையுங்கள். மேலே சருகும் கிளையும் போட்டு மூடிவிடுங்கள். உள்ளே உலர்ந்த அகல இலைச் சருகு பாதி நிரப்பி, மிச்சத்தை வெளியே குவித்துவையுங்கள். அதுவே வாயில் கவ்வி இழுத்துப்போய் அடுக்கடுக்காகத் திணித்துக்கொள்ளும். துணி, கம்பளி, பஞ்சு கூடாது. நூல் காலில் சுற்றி இறுக்கும்.

குடி வந்ததா என்று கூரையைத் தூக்கிப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. வாயிலில் குறுக்கே ஒரு காய்ந்த குச்சி நிறுத்துங்கள், சாய்ந்திருந்தால் யாரோ போயிருக்கிறார்கள். குளிர்கால உறக்கத்தில் அதன் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 190இலிருந்து 20 அளவுக்கு இறங்கிவிடும். எழுந்து மறுபடி சூடேற, சேர்த்துவைத்த கொழுப்பு செலவாகும். தானாகவே குளிர்காலத்தில் சில முறை விழிக்கும். நாம் வேறு எழுப்பக் கூடாது. ஆகவே சுத்தம் செய்வது ஏப்ரல் தொடக்கத்தில், காலியென்று குச்சி பல நாள் அசையாமல் நின்று உறுதியான பின்தான். கொதிநீர் ஊற்றிக் காயவைத்தால் போதும்.

ஜூன், ஜூலையில் கூரையைத் திறந்து குட்டிகளைக் கண்டுவிட்டால் தொடாமல் உடனே மூடுங்கள். கலைந்த தாய் குட்டிகளை விட்டுவிட்டுப் போகும், சில சமயம் தின்றேவிடும்.

பகலில் கண்டால்

பகல் வெளிச்சத்தில் வாயில் இலை கவ்விக்கொண்டு சுறுசுறுப்பாக ஓடுவது கூடு கட்டும் தாய், விட்டுவிடுங்கள். தள்ளாடினால், வெயிலில் நீட்டிப் படுத்திருந்தால், ஈ சுற்றினால் உடம்பு சரியில்லை. "வெயில் காய்கிறது" என்று ரசித்துப் படம் எடுப்பவர்கள் உண்டு. உடல்சூடு குறைந்து சாகக் கிடக்கிறது என்று அர்த்தம். நவம்பர் பிற்பாதியிலும் 450 கிராம் எட்டாத குட்டி குளிர்காலத்தைத் தாண்டுவது கடினம்.

தடித்த துண்டால் எடுத்து உயரமான அட்டைப்பெட்டியில் வையுங்கள். துண்டு சுற்றிய வெந்நீர்ப்பை ஒரு பக்கம், சூடு மிகுந்தால் விலகிப் படுக்க மறுபக்கம் இடம். பை ஆறினால் மாற்றுங்கள். ஆறிய பை இருக்கும் சூட்டையும் உறிஞ்சிவிடும். உடம்பு சூடேறும் முன் தீனி கூடாது. முள்ளடியில் அரிசிக் குருணைபோல வெள்ளையாகத் தெரிந்தால் அது ஈ முட்டை, மணிக்கணக்கில் புழுவாகிவிடும், அவசரம். உடனே முள்ளெலி மீட்பகத்தைக் கூப்பிடுங்கள்.

ஒன்று மட்டும் பயப்படவேண்டாதது. வாயில் நுரை தள்ளி, உடம்பை முறுக்கி, அந்த நுரையைத் தன் முள்ளிலேயே பூசிக்கொள்ளும். நம் ஊர் ஆட்கள் பார்த்தால் வெறிநோய் என்று பதறுவார்கள். புது வாசனை பட்டால் அது செய்யும் வழக்கம் அது.

இத்தனைக்குப் பிறகும் வரவில்லையென்றால் வேறு எங்கிருந்தோ பிடித்துக்கொண்டுவந்து விடாதீர்கள். பழகிய கூடும் வழியும் இல்லாமல் அது அலையும், இருந்த இடத்தில் குட்டிகள் காத்திருக்கலாம். 1974இல் ஸ்காட்லாந்தின் சவுத் யூயிஸ்ட் தீவில் தோட்டத்து நத்தையைத் தின்னட்டும் என்று சில முள்ளெலிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அவை பெருகி, தரையில் கூடுகட்டும் கரையோரப் பறவைகளின் முட்டைகளைத் தின்னத் தொடங்கின. பிறகு அவற்றைப் பிடித்துப் பெருநிலத்துக்கு ஏற்றி அனுப்பவேண்டியதாயிற்று.